மன்னாரிலிருந்து நல்லூர்: பறங்கிப் படை வந்த வழியில் ஐந்து நாள்

நாள் 1: மன்னார்

இரவு பஸ் விடிய ஐந்து மணிக்கு மன்னாரில் இறக்கிவிட்டது. அக்காவின் மகன் முதல்நாளே யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டாளி ஒருவன் வீட்டில் நின்றவன், நித்திரைக் கண்ணோடு பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். "மாமா, எல்லாரும் யாழ்ப்பாணம் பார்க்க யாழ்ப்பாணத்துக்குத்தானே வருவினம், நீங்கள் என்னத்துக்கு மன்னாரிலை இறங்கினீங்கள்?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த ஐந்து நாளும். ஒவ்வொரு இரவும் எழுதிப் போடுகிறேன்.

90களில் கரண்ட் இல்லாத காலத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அப்பா எங்களுக்குச் சங்கிலி மன்னன் கதை சொல்லுவார். பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், வந்தான், சங்கிலி எதிர்த்து நின்றான், காட்டிக்கொடுத்தார்கள், தலைநகர் நல்லூர் விழுந்தது. அப்பா சொன்ன அளவில் அது ஒரே ஒரு சண்டை. பள்ளிக்கூடத்திலும் 1619 என்ற ஒரு வருடத்தைப் பாடமாக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனோம். பெரியவனான பிறகு வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது, யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடிக்கும் வேலை 1560 இல் தொடங்கியது, முடிய 59 வருடம் எடுத்தது, பெரிய படையெடுப்பு மட்டும் மூன்று. அந்தப் படைகள் கால் வைத்த இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அப்பா போன வருடம் போய்விட்டார். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

மன்னார்க் கோட்டை தீவுக்குள் நுழைந்தவுடனே, பாலம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாலு மூலையில் நாலு கொத்தளம், சுற்றி அகழி. இப்போது நிற்பதில் பெரும்பகுதி ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பின்னால் திருத்திக் கட்டியது, ஆனால் முதல் கல் வைத்தவர்கள் போர்த்துக்கேயர், 1560 இல். திருக்கேதீச்சரக் கோயிலை இடித்த கற்கள்தான் இதற்குள் போயின என்று ஊரில் சொல்வார்கள். உள்ளே பற்றை மண்டிக் கிடக்கிறது. மதில்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் பெருநிலம், மறுபக்கம் ஆழமில்லாத கடல், கொஞ்ச நேரம் பார்த்தாலே எதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் போகிற வள்ளமெல்லாம் இந்தப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். முத்துக் குளிப்பும் இந்தக் கடலில்தான்.

சரி, 1560 இல் நடந்தது இதுதான். கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தாந்தீனு டி பிரகன்சா தானே கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார். அப்போது அரசன் முதலாம் சங்கிலி. அவன் நகரை விட்டுத் தப்பிப் போனான், பிறகு திறை கட்டவும் மகனைப் பிணையாகக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் ஊரே எழும்பியது. வந்தவர்களால் நல்லூரில் இருக்க முடியவில்லை. ஆனால் வெறுங்கையோடும் திரும்பவில்லை. மன்னாரைப் பிடித்துக்கொண்டார்கள், கோட்டை கட்டினார்கள், அதுவரை தமிழகக் கரையில் புன்னைக்காயலில் இருந்த முத்துக்குளிப்புக் கரைத் தலைமையிடத்தையும் இங்கே மாற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் எடுத்துக்கொண்டு போன புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கோவாவில் எல்லாரும் பார்க்க இடித்துத் தூளாக்கினார்கள். பர்மாவின் பெகு அரசன் பெருந்தொகை தருகிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. உண்மையான பல் அதுவல்ல என்பது கண்டி மரபு.

தோற்றுத் திரும்பிய படையெடுப்பு என்றுதான் இதைச் சொல்வார்கள். மதில்மேல் நிற்கும்போது எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு வீட்டின் படலையைப் பிடித்து வைத்திருப்பவன் எத்தனை வருடம் பொறுத்தும் உள்ளே வரலாம்.

பின்னேரம் தோட்டவெளிக்குப் போனோம். இதை எழுதாமல் விடக்கூடாது. 1544 இல் முதலாம் சங்கிலி மன்னாரில் மதம் மாறிய மக்களைக் கொன்றான், ஏறக்குறைய 600 பேர் என்று திருச்சபை மரபு சொல்கிறது. அவர்களின் நினைவாகத்தான் அங்கே வேதசாட்சிகளின் அன்னைக்குக் கோயில் இருக்கிறது. மதம் மாறியவர்கள் நாளைக்குப் போர்த்துக்கல் அரசனின் குடிகளாகிவிடுவார்கள் என்ற பயம் அரசனுக்கு இருந்தது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதற்காக அந்தச் சனத்தைக் கொன்றது சரியாகிவிடாது. அவர்கள் அவனுடைய குடிகள், முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த ஏழைகள். அப்பாவின் கதையில் இந்த 600 பேரும் வரவே இல்லை. கோயில் வாசலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் எங்களைப் பார்த்து, "யாழ்ப்பாணமோ?" என்றார். ஓம் என்றேன். "இருந்து கும்பிட்டிட்டுப் போங்கோ பிள்ளையள்" என்றார். இருந்தோம்.

நாள் 2: மன்னார் வீதியில் பூநகரிக்கு

விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில். இந்த ஊர்ப் பெயர்களை நான் போர்க்காலச் செய்திகளில் கேட்டே வளர்ந்தவன், ஊராக இறங்கிப் பார்ப்பது இதுதான் முதல்தடவை. றோட்டு இப்போது நல்ல றோட்டு. ஆனாலும் வெள்ளாங்குளம் தாண்டி பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. வெயிலில் ஒரு மணித்தியாலம் உருட்டினோம், பிறகு உழவு இயந்திரத்தில் வந்த ஒரு அண்ணை எங்களையும் மோட்டார் சைக்கிளையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒட்டுப்போடுகிற கடையில் விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த ஒரு மணித்தியாலம் எனக்குப் பயன்பட்டது. 1658 இல் ஒல்லாந்தத் தளபதி றைக்லொவ் வன் கூன்ஸ் மன்னாரைப் பிடித்த கையோடு யாழ்ப்பாணத்துக்குப் படையை நடத்தியது இந்தக் கரை வழியால்தான். கூடவே பல்தேயஸ் என்ற பாதிரியாரும் நடந்தார், பார்த்ததை எழுதியும் வைத்தார். இந்த மண்ணில் நடக்கிறவனுக்கு முதலில் தேவை தண்ணீர், அப்புறம்தான் வெடிமருந்து. ஒரு பக்கம் உப்புத் தரவை, மறுபக்கம் காடு, இடையில் குளத்து ஊர்கள். எந்த ஊரில் எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் ஒரு படையும் இந்த வழியால் வந்திருக்க முடியாது. நாங்கள் ஆளுக்கொரு போத்தல் தண்ணீரை முடித்துவிட்டு நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பூநகரிக் கோட்டை சின்னது, இரண்டு கொத்தளம் மட்டும். யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அதன் தெற்கு வாசலைக் காக்கப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள். எங்கள் காலத்துச் சண்டை அதையும் விட்டுவைக்கவில்லை, மதில் உடைந்து மரத்தின் வேர் கல்லைப் பிடித்து வைத்திருக்கிறது. அக்காவின் மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் காட்டுக்கை கோட்டை கட்டி என்னத்தைக் காத்தவங்கள்?" என்றான்.

யானையைத்தான். வன்னியில் பிடித்த யானைகள் இந்த வழியாலும் ஆனையிறவாலும் குடாநாட்டுக்குள் நடந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறி இந்தியாவுக்குப் போயின. ஆனையிறவு என்ற பெயரே அதற்குச் சாட்சி. யாழ்ப்பாண அரசனின் பெட்டகத்தை நிறைத்தது நெல்லும் பனையும் மட்டும் இல்லை, இந்த யானைகளும் முத்தும் சாயவேரும். அதனால் போர்த்துக்கேயர் கண் வைத்ததும் அவற்றில்தான். நிலத்தைப் பிடிப்பதற்கு முன்பே வருமானத்தைப் பிடித்துவிட்டார்கள், நாளைக்கு நல்லூரில் நின்று அதைச் சொல்கிறேன்.

சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்று மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. 288 மீற்றர்ப் பாலம், 2011 இல் திறந்தது. அதற்கு முன் இந்த இடத்தில் பாதை ஓடியது, அதாவது மிதவைப் படகு. வயதான ஆட்கள் இன்றும் "பாதையடி" என்றுதான் சொல்கிறார்கள். பாலத்தின் நடுவில் நிறுத்திப் பார்த்தோம். வலைக்குத் தடி நட்ட இடமெல்லாம் மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள். பெரிய கப்பல் இதற்குள் வரவே முடியாது. இந்த ஆழமில்லாத கடல்தான் யாழ்ப்பாணத்துக்கு இயற்கை கொடுத்த அகழி. சின்ன வள்ளங்கள் வைத்திருந்தவர்கள் கையில்தான் அதன் திறப்பு இருந்தது. மன்னார் போனபோது அதில் பாதித் திறப்பும் போய்விட்டது.

கேரதீவு, தனங்கிளப்பு, நாவற்குழி தாண்டி இருட்டுகிற நேரம் கொக்குவிலில் அக்கா வீடு. குழல்புட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும். இன்றைக்கு இவ்வளவுதான், முதுகு நோகிறது.

நாள் 3: கொழும்புத்துறையிலிருந்து நல்லூர்

காலமை ஆறு மணிக்கே கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் போய்விட்டோம். இரவு வலைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம். நண்டு, திரளி, கொஞ்சம் இறால். எதிரே கண்ணுக்கெட்டிய தூரத்தில் கோடு போலப் பூநகரிக் கரை.

1591 அக்டோபரில் அந்திரே புர்த்தாடோ டி மென்டொன்சாவின் படை வந்திறங்கியது இந்தக் கரையில். அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவர்கள், யாழ்ப்பாண அரசனுக்குத் துணையாக வந்த கள்ளிக்கோட்டைக் கடற்படையை மன்னார்ப் பக்கம் முறியடித்திருந்தார்கள். கடலில் உதவி இல்லாமல் ஆக்கிவிட்டுத்தான் தரையில் இறங்கினார்கள், முன்யோசனை உள்ள தளபதி. இங்கிருந்து நல்லூருக்கு நாலு கிலோமீற்றர் வரும். மோட்டார் சைக்கிளை ஒரு வீட்டு வளவில் விட்டுவிட்டு நடந்தோம். சுண்டுக்குளி வழியாக, வேலிகளும் மதில்களும் ஒழுங்கைகளும், வழியில் ஒரு கடையில் பிளேன்டீ. நல்லூருக்குத் தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார் என்று நாலு திசைக்கும் நாலு காவற்கோயில் வைத்த நகரம் அது. தெற்கிலிருந்து வந்த படையை வீரமாகாளி கோயில் பக்கம் எதிர்த்து நின்றார்கள். அரசன் புவிராஜ பண்டாரம் கொல்லப்பட்டான்.

வீரமாகாளி அம்மன் கோயில் வாசலில் இன்று தண்ணீர்ப் பந்தல். ஐயர் ஒருவர் எங்களை உட்கார வைத்து, "இந்த முன்றலிலை ரத்தம் ஓடினது தம்பி, எங்கடை பாட்டன்மார் சொல்லுவினம்" என்றார். அந்த முன்றலில் இப்போது பெடியள் சைக்கிள் விட்டிருந்தார்கள்.

புவிராஜனுக்குப் பிறகு யார்? இங்கேதான் நான் அப்பாவோடு முரண்படுகிறேன்.

மென்டொன்சா அரசனாக்கியது எதிர்மன்னசிங்கனை. போர்க்களத்தில் செத்திருக்க வேண்டியவனை உயிரோடு பிடித்து, போர்த்துக்கல் அரசனுக்குக் கீழ்ப்பட்டவனாக முடி சூட்டினார்கள். பாதிரிமார் தடையில்லாமல் போதிக்கலாம், யானை வியாபாரத்தின் ஏகபோகம் போர்த்துக்கேயருக்கு, திறை தவறாமல் கட்ட வேண்டும். அப்பா அவனைப் பறங்கியின் பொம்மை என்பார். அப்பா மட்டுமா, ஊரே அப்படித்தான். முத்திரைச் சந்தியில் சங்கிலியனுக்குச் சிலை இருக்கிறது, குதிரையில் வாளோடு. எதிர்மன்னசிங்கனுக்கு ஒரு ஒழுங்கைப் பெயர்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் அவன் இருந்து ஆண்டது 26 வருடம், 1591 இலிருந்து 1617 வரை. அந்த 26 வருடமும் நல்லூர்க் கோயிலில் பூசை நடந்தது. அவன் போர்த்துக்கேயரைத் திருப்திப்படுத்திக்கொண்டே, அவர்களின் பெரிய எதிரியான கண்டி அரசன் விமலதர்மசூரியனுக்குத் தென்னிந்தியாவோடு தொடர்பு வைக்க யாழ்ப்பாணத்து வழியைத் திறந்து விட்டான். அவனைத் தூக்கிவிட வேண்டும் என்று கொழும்பிலும் கோவாவிலும் முறைப்பாடு போய்க்கொண்டே இருந்தது. மன்னார் அவர்கள் கையில், கடல் அவர்கள் கையில், யானைக் காசு அவர்கள் கையில். படை இல்லை, பணம் இல்லை. அப்படி இருந்தும் ஒரு தலைமுறை காலம் இராச்சியத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தவனைப் பொம்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாளை உருவுவது ஒரு துணிவு. 26 வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதற்கும் துணிவு வேண்டும். அப்பா இருந்தால் இந்த இடத்தில் எழும்பிப் போயிருப்பார்.

முத்திரைச் சந்தியில் நின்று அக்காவின் மகனிடம், "இது எந்தச் சங்கிலி?" என்று கேட்டேன். "சங்கிலி மன்னன் ஒராள்தானே" என்றான். இரண்டு பேர். 1519 இலிருந்து 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலி வேறு, 1617 இல் ஆட்சியைப் பறித்த சங்கிலி குமாரன் வேறு. இடையில் அரை நூற்றாண்டு. எங்கள் கதைகளில் இரண்டு பேரும் ஒரே குதிரையில் ஏறிவிட்டார்கள். இது பெடியன்களின் பிழை இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த விதம்.

பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவு, கொஞ்சம் தள்ளி மந்திரிமனை. இரண்டும் இன்றைய வடிவில் இராச்சியம் போன பிறகு கட்டப்பட்டவை என்றுதான் ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அரண்மனை இருந்த மண் என்பது உண்மை, கட்டிடம் அரண்மனை இல்லை. யமுனா ஏரியைப் பார்த்தபோது மட்டும் நெஞ்சு ஒருமாதிரி ஆனது. 'ப' வடிவக் கேணி, பாசி பிடித்த படிகள். யமுனை நதித் தண்ணீரைக் காவடியில் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று கதை. அரசர் காலத்தில் இருந்து மிஞ்சியது என்று கை வைத்துத் தொடக்கூடியது நல்லூரில் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். கேணியில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் மிதந்தது, அக்காவின் மகன் இறங்கிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

பழைய கந்தசுவாமி கோயில் இருந்தது இந்தப் பக்கம், இப்போது தேவாலயம் நிற்கிற இடத்தில் என்பது பரவலான கருத்து. இன்று நாங்கள் கும்பிடும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், வேறு இடத்தில் எழும்பியது. மாலைப் பூசைக்கு அங்கே நின்றோம். கட்டியம் சொல்லும்போது காதைக் கூராக்கிக் கேட்டேன். புவனேகபாகு என்ற பெயர் வருகிறது. தெற்கே கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள்தான் அந்தப் பெயரோடு முடி சூடியவன் என்பார்கள். அவனும் படையோடு வந்து நாட்டைப் பிடித்தவன்தான், 17 வருடத்தில் பழைய அரச குடும்பம் திரும்பி வந்து நாட்டை எடுத்துக்கொண்டது. ஆனால் அவன் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தான். அதனால் 550 வருடத்துக்குப் பிறகும் திருவிழாவில் அவன் பெயரைச் சொல்கிறார்கள். அவனுக்குப் பின் வந்து அதே கோயிலை இடித்தவனின் பெயரை நாளைக்குச் சொல்கிறேன். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, புவனேகபாகு என்ற பெயரைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது.

நாள் 4: யாழ்ப்பாணக் கோட்டை

பிலிப் டி ஒலிவேரா. கோயிலை இடித்தவர்.

1617 இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது பட்டத்துப் பிள்ளைக்கு வயது மூன்று. அரசகேசரி பராமரிப்பாளனாக வந்தான், இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய புலவன் அவன். சங்கிலி குமாரன் அரசகேசரியைக் கொன்று ஆட்சியை எடுத்தான். போர்த்துக்கேயரிடம் அங்கீகாரம் கேட்டான், பக்கத்தில் தஞ்சாவூர் நாயக்கரிடம் படையும் கேட்டான், வருணகுலத்தான் தலைமையில் படை வந்தது. 1619 யூனில் போர்த்துக்கேயர் கடலாலும் தரையாலும் வந்தார்கள். கடலால் வந்ததைக் கரையார் தடுத்து அடித்துத் திருப்பினார்கள். தரையால் ஒலிவேரா 5000 பேரோடு வந்தார், அதைத் தடுக்க முடியவில்லை. சங்கிலி குமாரன் குடும்பத்தோடு வள்ளத்தில் இந்தியாவுக்குத் தப்பப் பார்த்துக் கடலில் பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை கொடுத்தார்கள்.

கடலில் வென்றோம், தரையில் தோற்றோம். இந்த ஒரு வரி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்க வேண்டும். கரையார் சமூகத்துக் கடலோடிகள் அன்றைக்குச் செய்ததற்கு எங்கள் சங்கிலியன் கதையில் ஒரு வசனம்கூட இல்லை. தரைவழி மன்னார்ப் பக்கமிருந்து திறந்து கிடந்தது. முந்தாநாள் நாங்கள் சில்லு உருட்டிய வழி.

நல்லூரைப் பிடித்த ஒலிவேரா கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு, 1621 இல் கந்தசுவாமி கோயிலை இடித்து, தலைநகரை இந்தக் கடற்கரைக்கு மாற்றினார். நேற்று நல்லூர், இன்று கோட்டை என்று அடுத்தடுத்துப் பார்த்ததால் காரணம் தானாகவே விளங்கியது. நல்லூர் தரையின் நடுவில், சுற்றிலும் அதன் சனம். கோபித்த சனத்தின் நடுவே ஒரு அந்நியப் படை நெடுநாள் உயிரோடு இருக்க முடியாது, 1560 இல் பட்ட பாடம் அது. பண்ணைக் கடற்கரையில் இருந்தால் சனம் எழும்பினாலும் சாப்பாடும் மருந்தும் வள்ளத்தில் வரும். சனம் எழும்பவும் செய்தது. பிடித்த அடுத்த வருடமே கிளர்ச்சி, தஞ்சாவூரிலிருந்து மறுபடி படை, மறுபடியும். ஒன்றும் கைகூடவில்லை. அவர்கள் எழுப்பிய கோட்டைக்கு வைத்த பெயர் அற்புத மாதா.

இன்று பார்க்கிற ஐந்து மூலைக் கோட்டை ஒல்லாந்தர் 1680 அளவில் கட்டி முடித்தது, வெளிச்சுற்று முடிய 1792 ஆகியது. மூன்றே வருடத்தில், 1795 இல், ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முருகைக்கல் மதிலில் கை வைத்து நடந்தேன். சிப்பியும் பவளப் பூவும் கல்லுக்குள் அப்படியே தெரிகிறது. உள்ளே ஒரு பக்கம் செதுக்கிய கருங்கல் துண்டுகள், தூண் தலைகள் கிடக்கின்றன. கோயிற் கற்கள்தான். எந்தக் கோயில் என்று கல்லில் எழுதியிருக்கவில்லை. மண்ணைத் தோண்டியபோது போர்த்துக்கேயர் வருவதற்குப் பலநூறு வருடம் முந்திய மட்பாண்டங்களும் வந்தன, அதாவது இவர்கள் வெறும் இடத்தில் கட்டவில்லை, பழைய துறைமுக ஊரின்மேல் கட்டினார்கள்.

1658 இல் வன் கூன்ஸ் இந்தக் கோட்டையை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டார். உள்ளே பசி, நோய். யூன் மாதக் கடைசியில் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். நாட்டைப் பிடித்து 39 வருடம். பிடிக்க எடுத்த காலத்தைவிட வைத்திருந்த காலம் குறைவு.

1990 இல் இதே மதில்களைச் சுற்றி யூனிலிருந்து செப்டம்பர் வரை இன்னொரு முற்றுகை. எனக்கு அப்போது பத்து வயது. உள்ளே இராணுவம், வெளியே புலிகள், மேலே விமானம். கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளின் சனம் எல்லாம் ஓடிப்போய்க் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இருந்தார்கள், எங்கள் வீட்டு விறாந்தையிலும் இரண்டு குடும்பம். ஒல்லாந்தர் 1706 இல் கட்டிய தேவாலயம் அந்தச் சண்டையோடு போனது, அத்திவாரம்தான் மிச்சம். முற்றுகை என்ற சொல்லை வாசிக்கும்போது எனக்குத் தளபதிமாரின் பெயர் நினைவில் வராது. விறாந்தையில் படுத்திருந்த அந்த வீட்டுக் கைக்குழந்தை இரவெல்லாம் அழுததுதான் வரும். 1560, 1591, 1619, 1658 ஒவ்வொன்றிலும் அப்படி எத்தனை விறாந்தை இருந்திருக்கும், அதை எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை.

பின்னேரம் பண்ணையில் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தபோது அக்காவின் மகன் எண்ணத் தொடங்கினான், நான்தான் தொடக்கிவிட்டேன். வாங்கு, கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண், கோப்பை. எல்லாம் போர்த்துக்கேயச் சொல். 39 வருடம் இருந்தவர்கள் குசினி வரை வந்துவிட்டார்கள். காணி உறுதி எழுதும்போது சொல்லுகிற தோம்பும் அந்தக் காலத்து இறக்குமதிதான். யாருக்கு எவ்வளவு நிலம், அதில் எத்தனை பனை, எவ்வளவு வரி என்று பதிந்த ஏடு. நாட்டைப் பிடித்தது வாளால், வைத்திருந்தது அந்த ஏட்டால்.

நாள் 5: ஊர்காவற்றுறை

கடைசி நாள், சுருக்கமாகப் போடுகிறேன். பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து ஊர்காவற்றுறை. துறையில் பழைய பெரிய வீடுகள் கூரை இல்லாமல் நிற்கின்றன, போன நூற்றாண்டில் பாய்க்கப்பல் வைத்திருந்தவர்களின் வீடுகள். இந்த ஊரின் மற்றப் பெயரான கயிட்ஸ் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது, இறங்குதுறை என்று அர்த்தம், யானை ஏற்றிய துறை. மன்னாரில் இருந்து நான் பின்தொடர்ந்த யானை இங்கேதான் கப்பலேறியது.

கடலின் நடுவில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். பன்றித்தொடையின் குதிக்கால் என்று அர்த்தமாம், இலங்கைப் படம் அவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. 1658 இல் உள்ளே குடிதண்ணீர் இல்லாமல் போனதால்தான் அது சரணடைந்தது. கடலின் நடுவே தண்ணீர் இல்லாமல். இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. நாங்கள் உள்ளே போகவில்லை, காரைநகருக்குப் போகும் பாதைப் படகில் ஏறி அதன் பக்கத்தால் போய் அப்படியே திரும்பி வந்தோம். காற்றுக்குப் பாதை ஆடியது, மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா ஒருவர் என் கையையும் பிடித்துக்கொண்டார்.

இரவு கொக்குவிலில் ஒடியல் கூழ். நண்டும் பயித்தங்காயும் போட்டு அக்கா காய்ச்சியிருந்தா. பலாவிலையைக் கோலிக் குடித்துக்கொண்டே நானும் மருமகனும் எதிர்மன்னசிங்கன் பற்றி வாதாடினோம். அவனுக்கு இப்போதும் சங்கிலி குமாரனில்தான் விருப்பம். குறைந்தது எதிர்த்து நின்றான் என்கிறான். இருக்கட்டும், அவன் என்னுடைய அப்பாவின் பேரன்.

அக்கா அதுவரை ஒன்றும் பேசாமல் கூழை ஊற்றிக்கொண்டிருந்தா. திடீரென்று, "அந்த மூண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா.

அரச குடும்பத்தில் மிஞ்சியவர்கள் எல்லாரையும் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன். ஞானஸ்நானம் கொடுத்து, ஆண்களைத் துறவிகளாகவும் பெண்களைக் கன்னியாஸ்திரிகளாகவும் ஆக்கினார்கள். இனி முடி கேட்க ஒரு வாரிசு பிறக்கக்கூடாது என்று.

"அப்ப வளர்ந்தது எண்டு சொல்லு" என்றா அக்கா. ஓம், வளர்ந்தது என்றேன். அகப்பையால் சட்டியை அடியோடு ஒருதரம் கிளறிவிட்டு, "ஆருக்கு இன்னும் ஊத்த?" என்று கேட்டா.